எஸ்எஃப்பி மாட்யூலில் 2 கிலோஹெர்ட்ஸ் டோன் ஏற்றுவது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இருந்து 2 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை எடுத்து, 1.25 ஜிகாபிட் எஸ்எஃப்பி மாட்யூலின் (ஸ்விட்சில் செருகும், மின் சிக்னலை லேசர் வெளிச்சமாக்கி ஃபைபரில் அனுப்பும் சின்னப் பெட்டி) டேட்டா பின்களில் கொடுத்தீர்கள். மறுமுனையில் குப்பைதான் வந்தது. இடையில் ஃபைபரை ஐடென்டிஃபையரில் (ஃபைபரை வெட்டாமல், உள்ளே டோன் ஓடுகிறதா என்று காட்டும் கைக்கருவி) கவ்விப் பார்த்தால் 2 கிலோஹெர்ட்ஸ் விளக்கும் எரியவில்லை. ஜாயின்ட் பெட்டிக்குள் இருக்கும் பத்துப் பன்னிரண்டு ஃபைபரில் எது எது என்று, ஓடுகிற டேட்டாவை நிறுத்தாமல் லைன்மேன் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு எந்த மைக்ரோகண்ட்ரோலர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ட்ரோலரைக் கடைசியில் பார்ப்போம், இந்த வேலைக்கு அது சின்ன விஷயம். லேசருக்கு முன்னால் இருக்கும் சுற்றில் எந்த இடத்தில் அந்த டோனை, அதாவது அடையாளத்துக்காக ஏற்றும் ஒரே அலைவெண் சிக்னலை, நுழைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாட்யூல் ஃபர்ம்வேரில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஏன் குப்பை வந்தது என்று பார்ப்போம். எஸ்எஃப்பியின் டேட்டா பின்களுக்குப் பின்னால், மாட்யூலுக்கு உள்ளேயே, இரண்டு கெபாசிட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. வழக்கமாக 0.1 மைக்ரோஃபாரட். அதற்குப் பின் 100 ஓம் டெர்மினேஷன். உங்கள் பக்கத்து 100 ஓமையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் டைம் கான்ஸ்டன்ட் 10 மைக்ரோசெகண்ட், அதாவது கட்-ஆஃப் சுமார் 16 கிலோஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ளது சரியாக நுழையாது. உங்கள் அலையின் அரைச் சுற்று 250 மைக்ரோசெகண்ட். விளிம்பு வரும்போது ஒரு குத்து, 50 மைக்ரோசெகண்டுக்குள் அது வடிந்துவிடும், மீதி 200 மைக்ரோசெகண்டும் லேசருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவரின் இன்புட்டில் வித்தியாசமே இல்லை. லிமிட்டிங் வகை டிரைவர் அது. இன்புட்டில் ஒன்றும் இல்லையென்றால் தன் சொந்த நாய்ஸையே பெரிதாக்கி லேசரை ஆட்டும். நீங்கள் பார்த்த குப்பை அதுதான். கண்ட்ரோலரை மாற்றினாலும் அதே குப்பைதான் வரும், காசு மிச்சம்.

டேட்டாவே வேண்டாம், மெதுவான ஒரு சிக்னலை மட்டும் ஃபைபரில் அனுப்பினால் போதும் என்றால் எஸ்எஃப்பி பக்கமே போக வேண்டாம். எச்எஃப்பிஆர்-1521, 2521 என்று ஒரு பழைய ஜோடி இருக்கிறது, எச்பி காலத்தில் வந்தது, இப்போது பிராட்காம் பெயரில் கிடைக்கிறது. 660 நானோமீட்டர் சிவப்பு எல்இடி, பிளாஸ்டிக் ஃபைபர், டிசியில் இருந்து 5 மெகாபாட் வரை போகும். இன்வர்ட்டர்களில் கேட் சிக்னலைத் தனிமைப்படுத்த இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். எஸ்எஃப்பியையே பயன்படுத்தியாக வேண்டும் என்றால் உங்கள் மெதுவான பிட்களைச் சில மெகாபிட் வேகத்தில் மான்செஸ்டர் கோடிங் (ஒவ்வொரு பிட்டிலும் நிலை ஒருமுறையாவது மாறும் முறை) செய்து அனுப்புங்கள். கெபாசிட்டருக்குப் பிடிக்காதது ஒரே நிலையில் நிற்பது மட்டும்தான்.

லிங்கைச் சில நிமிடம் நிறுத்தலாம் என்றால் இன்னொரு குறுக்கு வழி உண்டு. டேட்டா பின்களில் ஏதாவது ஐடில் பேட்டர்னை (டேட்டா இல்லாதபோது ஓடும் நிரப்பு பிட்களை) ஓடவிட்டு, லேசரை அணைக்கும் டிஎக்ஸ் டிசேபிள் பின்னை உங்கள் போர்டில் இருந்து ஆட்டுங்கள். லேசர் முழுதாக அணைந்து எரியும், ஐடென்டிஃபையருக்கு அதைவிட ருசியான சிக்னல் கிடையாது. ஆனால் 2 கிலோஹெர்ட்ஸில் செய்யாதீர்கள். எஸ்எஃப்பியின் அசல் எம்எஸ்ஏ (தயாரிப்பாளர்கள் சேர்ந்து போட்ட) ஒப்பந்தப்படி லேசர் அணைய அதிகபட்சம் 10 மைக்ரோசெகண்ட், ஆனால் திரும்ப எரிய 1 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளலாம். 2 கிலோஹெர்ட்ஸின் அரைச் சுற்று அதில் கால் பங்குதான், லேசர் கண் திறப்பதற்குள் மூடச் சொல்லிவிடுவீர்கள். 270 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 1.85 மில்லிசெகண்ட், அங்கே சமாளிக்கும். பெரும்பாலான ஐடென்டிஃபையர்கள் 270 ஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், 2 கிலோஹெர்ட்ஸ் மூன்றையும் பிடிக்கும் என்பதால் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

சரி, நீங்கள் நிஜமாகக் கேட்டது டேட்டா ஓடும்போதே ஏற்றுவது. அதற்குப் பைலட் டோன் என்று பெயர். லேசரின் சராசரி வெளிச்சத்தை ஒரு சில சதவீதம் மட்டும் மெதுவாக ஏற்றி இறக்குவது. இது யாரும் செய்யாத வித்தை இல்லை. உலகத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியு-டியின் ஜி.989 வரிசையில் பிடிபி டபிள்யூடிஎம் (ஒரே ஃபைபரில் ஆளுக்கு ஒரு அலைநீளம்) ஃபைபர்களுக்கு இப்படி ஒரு துணைச் சேனல் சொல்லப்பட்டிருக்கிறது, 2018-இல் வந்த ஜி.698.4-இலும் தலைமுனையில் இருந்து கடைமுனை மாட்யூலுக்கு அலைநீளம் பற்றிய செய்தி சொல்ல இதே போன்ற ஒரு சேனல் உண்டு. சீனாவின் 5ஜி டவர்களுக்குப் போகும் ஃபைபர்களில் மாட்யூலின் நலம் விசாரிக்க இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் வைத்த பெயருக்கு 'உச்சியில் ஏற்றும் மாடுலேஷன்' என்று பொருள், விஷயத்தை அப்படியே சொல்கிற பெயர்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். லேசர் சூடானாலும் வயதானாலும் அதே கரண்டுக்குக் குறைவாக வெளிச்சம் தரும். அதனால் லேசருக்குப் பின்னால் ஒரு மானிட்டர் போட்டோடையோடு இருக்கும், அது பார்க்கும் சராசரி வெளிச்சம் மாறாமல் இருக்க ஒரு லூப் பயஸ் கரண்டை (லேசரில் எப்போதும் ஓடும் அடிப்படைக் கரண்டை) ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். வெளிச்சத்தைத் தானாகக் கட்டுப்படுத்துவதால் ஏபிசி லூப் என்பார்கள். யோசித்துப் பாருங்கள், சராசரி வெளிச்சத்தை ஆட்ட வேண்டும் என்பது உங்கள் ஆசை, ஆடவிடக் கூடாது என்பது அந்த லூப்பின் உத்தியோகம். லூப்பின் பேண்ட்விட்த் 10 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோஹெர்ட்ஸ் டோனைப் பயஸ் கரண்டில் நேராகக் கலந்தால் லூப் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தும், வெளியே ஐந்தில் ஒரு பங்குதான் வரும். அதே டோனை லூப்பின் செட்பாயின்டில், அதாவது 'இவ்வளவு வெளிச்சம் வேண்டும்' என்று சொல்லும் வோல்டேஜில், கலந்தால் லூப்பே உங்களுக்காக வேலை செய்து 98 சதவீதம் வெளியே கொண்டுவரும். 100 கிலோஹெர்ட்ஸ் டோன் என்றால் கதை தலைகீழ், அப்போது பயஸில்தான் கலக்க வேண்டும். லூப் பேண்ட்விட்த்தும் டோனும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் இரண்டு வழியிலும் பாதிக் கிணறுதான், அலைவெண்ணை மாற்றுங்கள். ஆகவே டிரைவரின் டேட்டாஷீட்டில் ஏபிசி கெபாசிட்டர் எவ்வளவு, லூப் எவ்வளவு வேகம் என்று தேடுவதுதான் முதல் வேலை.

இப்போது வரும் பல மாட்யூல்களில் இந்த லூப்பையே மைக்ரோகண்ட்ரோலர்தான் ஓட்டுகிறது. மானிட்டரை ஏடிசியில் (மின் அளவை எண்ணாக்குவது) படித்து, டிஏசியில் (எண்ணை மின் அளவாக்குவது) பயஸைத் திருத்தி, சில மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. லூப் இவ்வளவு மெதுவாக இருந்தால் டோனோடு சண்டை வராது, நேராக டிஏசி எண்ணோடு கூட்டிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போது நான் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தில் 2 கிலோஹெர்ட்ஸ், 5 சதவீதம் டோன் ஏற்றி மாதிரி மாட்யூல்களைச் சோதனைக்கு அனுப்பினோம். சோதனை மேசையில் இருந்த பெண் மூன்றாம் நாள் வந்து, "சார், இந்த மாட்யூல் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ஒரு பவர் காட்டுது" என்றார். பவர் மீட்டர் கனெக்டரில் அழுக்கு இருக்கும், துடையுங்கள் என்றேன். துடைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான், ஆன் செய்து விட்டுவிட்டால் ஆடாமல் நிற்கிறது, அணைத்து மறுபடி ஆன் செய்தால் வேறு எண், மொத்தம் 0.4 டெசிபெல் வீச்சுக்குள் எங்கே வேண்டுமானாலும். இரண்டு நாள் லேசரைச் சந்தேகப்பட்டேன். காரணம் என் ஃபர்ம்வேர் கோடுதான். லூப் சரியாக 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மானிட்டரைப் படித்தது, அந்த நேரத்தில் டோன் சரியாக 20 சுற்று சுற்றியிருக்கும், இரண்டு டைமரும் ஒரே கிளாக்கில் இருந்து வருவதால் ஒவ்வொரு தடவையும் அலையின் அதே புள்ளியில்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆன் ஆகும் நேரத்தில் அந்தப் புள்ளி அலையின் உச்சியில் அமைந்தால் 'வெளிச்சம் 5 சதவீதம் அதிகம்' என்று லூப் நினைத்துக் குறைக்கும், பள்ளத்தில் அமைந்தால் ஏற்றும். ஒரு முழுச் சுற்றுக்குள் 16 சாம்பிள் எடுத்துச் சராசரி போட்டதும் சரியாகிவிட்டது. நான்கு வரி கோடு. நீங்கள் லூப்பை ஃபர்ம்வேரில் ஓட்டுவதாக இருந்தால் இதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

அடுத்தது, பயஸை மட்டும் ஆட்டுவதா, டேட்டாவுக்கேற்ப மாறும் மாடுலேஷன் கரண்டையும் சேர்த்து ஆட்டுவதா என்பது. இதில் ஆளுக்கு ஒரு கட்சி. பயஸை மட்டும் ஆட்டினால் 'ஒன்று', 'பூஜ்யம்' இரண்டு நிலைகளும் சேர்ந்து மேலும் கீழும் போகும், கண்ணின் (ஸ்கோப்பில் அந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே தெரியும் திறப்பின்) உயரம் மாறாது. மறுமுனை ரிசீவர் சில பத்து கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் வெட்டிவிடும் என்பதால் 2 கிலோஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் டேட்டாப் பாதைக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. இரண்டையும் சேர்த்து ஆட்டினால் கண்ணே பெரிதாகிச் சிறிதாகும், அதை ரிசீவரால் வெட்ட முடியாது. கணக்குப்படி 5 சதவீதத்துக்கு 0.22 டெசிபெல், 10 சதவீதத்துக்கு 0.46 டெசிபெல் தண்டம் கட்ட வேண்டும். எனவே உங்கள் வேகத்துக்கு நான் பயஸ் கட்சி. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எக்ஸ்டிங்ஷன் ரேஷியோ, அதாவது 'ஒன்று' வெளிச்சத்துக்கும் 'பூஜ்ய' வெளிச்சத்துக்கும் உள்ள விகிதம், 10 டெசிபெல் என்று வைத்தால் பூஜ்ய நிலை சராசரியில் 18 சதவீதம்தான். சராசரியில் 5 சதவீதம் ஆட்டினால் பூஜ்யம் 13-க்கும் 23-க்கும் இடையே அலையும், ரேஷியோ 9.1-இல் இருந்து 11.3 வரை ஆடும். கீழ்ப் பக்கம் லேசர் த்ரெஷோல்டை (லேசர் எரியத் தொடங்கும் கரண்டை) தொட்டால் ஒவ்வொரு 'ஒன்று'ம் தாமதமாக எழும், ஜிட்டர் (விளிம்புகளின் நேரத் தடுமாற்றம்) ஏறும். கண் படத்தில் எழும் விளிம்பு தடித்துப் போனால் அதுதான் அறிகுறி, டோனைக் குறையுங்கள் அல்லது பயஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

எவ்வளவு சதவீதம் போதும்? டேட்டாவே டோனுக்கு நாய்ஸ். உங்கள் 1.25 ஜிகாபாட் ஈதர்நெட்டில் 8பி/10பி கோடிங் (8 பிட்டை, ஒன்றும் பூஜ்யமும் சமமாக வரும்படி 10 பிட்டாக்குவது) இருப்பதால் கீழ் அலைவெண்களில் டேட்டா கிட்டத்தட்ட காலி, நீங்கள் அதிர்ஷ்டசாலி. 10 ஜிகாபிட் ஈதர்நெட்டில் 64பி/66பி, அங்கே அடிமட்டம் வரை டேட்டா பரவியிருக்கும். அங்கேகூட ரேண்டம் டேட்டா என்று வைத்துக் கணக்குப் போட்டால், 1 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் கேட்கும்போது வெறும் 1 சதவீத டோன் டேட்டா நாய்ஸைவிட 25 டெசிபெல் மேலே நிற்கும். எஸ்டிஎச் (தொலைபேசி நிறுவனங்களின் பழைய டிஜிட்டல் முறை) லிங்க் என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை: அதன் ஃப்ரேம் 125 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை வரும், ஃப்ரேம் தலையில் இருக்கும் பைட்டுகள் ஸ்கிராம்பிள் ஆவதில்லை (கலைத்துப் போடப்படுவதில்லை), ஆகவே 8 கிலோஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் ஏற்கெனவே ஸ்பெக்ட்ரம் கோடுகள் (டேட்டாவே எழுப்பும் டோன்கள்) இருக்கும். அந்த இடங்களில் டோன் வைக்காதீர்கள்.

இவை எல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. ஐடென்டிஃபையர் விஷயத்தில் அவ்வளவு உறுதி தர மாட்டேன். அந்தக் கருவிகள் முழுதாக அணைந்து எரியும் டோனுக்காகச் செய்யப்பட்டவை. 5 சதவீத டோன் ஓடும் ஃபைபரில் சில கருவிகள் 'டிராஃபிக் இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். கருவி ஃபைபரை வளைத்துக் கசியும் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது, 1550 நானோமீட்டரில் கசிவு அதிகம், 1310-இல் குறைவு, ஜி.657 வகை வளைவு தாங்கும் ஃபைபர் என்றால் இரண்டிலுமே கஞ்சத்தனம். லைன்மேன் கையில் இருக்கும் அதே கருவியை வாங்கி வந்து மேசையில் 2, 5, 10 சதவீதம் வைத்துப் பாருங்கள், வேறு வழியில்லை. அப்புறம், இடையில் ஈடிஎஃப்ஏ (எர்பியம் கலந்த ஃபைபரால் வெளிச்சத்தைப் பெரிதாக்கும்) ஆம்ப்ளிஃபயர் இருந்தால் எர்பியத்தின் மேல்நிலை ஆயுள் 10 மில்லிசெகண்ட் அளவில் என்பதால் சில கிலோஹெர்ட்ஸ் டோன் பக்கத்து அலைநீளங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும், இல்லாத டோன் இருப்பதாகத் தெரியும். அந்தத் தொலைவு லிங்க்குகளில் என் கை பட்டது குறைவு, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மறுமுனையிலும் மாட்யூலே டோனைக் கேட்க வேண்டும் என்றால் டேட்டாப் பாதையில் தேடாதீர்கள், அங்கே அது வெட்டுப்பட்டிருக்கும். போட்டோடையோடின் சராசரி கரண்டை ஆர்எஸ்எஸ்ஐ என்று தனியாக வெளியே கொண்டுவந்திருப்பார்கள், அங்கே பாருங்கள். வந்துசேரும் வெளிச்சம் மைனஸ் 20 டிபிஎம் என்றால் 10 மைக்ரோவாட், கரண்ட் சுமார் 9 மைக்ரோஆம்பியர், 10 கிலோஓமில் 90 மில்லிவோல்ட். அதில் 5 சதவீதம் 4.5 மில்லிவோல்ட். 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ் உள்ள 12 பிட் ஏடிசியில் ஏழு படி, போதும். ஆனால் அந்த ரெஸிஸ்டருக்குப் பக்கத்தில் யாராவது நல்ல எண்ணத்தில் 0.1 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் கட்-ஆஃப் 159 ஹெர்ட்ஸ், உங்கள் டோன் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே போய் ஒரு படிகூடத் தேறாது. அதை 1 நானோஃபாரட் ஆக்குங்கள். பிறகு 16 ஆயிரம் சாம்பிள் வேகத்தில் 160 சாம்பிள் எடுத்து கோர்ட்ஸல் (ஒரே அலைவெண்ணை மட்டும் தேடும்) அல்காரிதம் ஓட்டினால் 100 ஹெர்ட்ஸ் அகலத்தில் பதில் வரும். டெலிபோன் பட்டன் ஓசையைப் பிரிக்க எக்ஸ்சேஞ்சில் போட்ட அதே பழைய கணக்கு, ஒரு சாம்பிளுக்கு ஒரு பெருக்கல், இரண்டு கூட்டல், எட்டு பிட் கண்ட்ரோலரே சிரித்துக்கொண்டு செய்யும்.

ஆக, கடைசியாகக் கண்ட்ரோலர். அனுப்பும் பக்கம் 12 பிட் டிஏசி, 100 மில்லிஆம்பியர் முழு அளவு என்றால் ஒரு படி 24 மைக்ரோஆம்பியர். த்ரெஷோல்ட் 10, பயஸும் மாடுலேஷனும் சேர்ந்த சராசரி 30 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 5 சதவீதம் என்பது 1 மில்லிஆம்பியர், அதாவது 40 படி. அழகான சைன் வரையப் போதுமானது. டிஏசி கண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கட்டும். டிரைவரின் பயஸ் ரெஜிஸ்டரை ஐ2சி (சிப்களுக்கு இடையிலான இரண்டு கம்பி பஸ்) வழியாக எழுதி ஆட்டலாம் என்று நினைத்தால், 400 கிலோஹெர்ட்ஸ் பஸ்ஸில் மூன்று பைட் எழுத 70 மைக்ரோசெகண்ட் ஆகும், ஒரு சுற்றுக்கு ஏழு புள்ளிதான் கிடைக்கும், வேறு எதற்கும் பஸ் இருக்காது. டிஏசியை டைமரே நேராகத் தூண்டும்படி வையுங்கள். இன்டரப்ட்டுக்குள் எழுதினால் ஹோஸ்ட் ஸ்விட்ச் டயக்னாஸ்டிக்ஸ் படிக்க வரும் ஒவ்வொரு தடவையும் ஐ2சி இன்டரப்ட் குறுக்கே விழுந்து டோன் விக்கும், ஸ்கோப்பில் விநாடிக்கு ஒருமுறை பார்க்கலாம். சிலிக்கான் லேப்ஸின் இஎஃப்எம்8எல்பி1 மாதிரி நான்கு 12 பிட் டிஏசியும் 14 பிட் ஏடிசியும் உள்ள 8051 வகைக் கண்ட்ரோலர் போதும், மாட்யூலுக்குள் நுழையும் அளவுக்குச் சின்னது. பெஞ்சில் விளையாட உங்கள் எஸ்டிஎம்32-இல் டிஏசி உள்ள எந்த மாடலும் ஆகும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள், கடையில் வாங்கிய மாட்யூலில் இதை எதையும் வெளியில் இருந்து செய்ய முடியாது. மாட்யூல் நினைவகத்தில் ஏ2 பக்கத்தின் 123 முதல் 126 வரை நான்கு பைட் பாஸ்வேர்ட் இருக்கும், அதை உடைத்து உள்ளே போனாலும் ஃபர்ம்வேரில் டோன் என்ற வசதி இருந்தால்தான் உண்டு. லேசர் டிரைவர் மதிப்பீட்டு போர்டு ஒன்றை வாங்கி அதன் செட்பாயின்ட் பின்னில் கம்பி வைத்து ஆரம்பியுங்கள். அதிகபட்ச பயஸ் எல்லையை டிரைவரின் ரெஸிஸ்டரில் பூட்டிவிடுங்கள், உங்கள் ஃபர்ம்வேரை நம்பி விடாதீர்கள், 1310, 1550 நானோமீட்டர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, கண்ணில் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. எந்த டிரைவர் என்றும் ஏபிசி கெபாசிட்டர் எவ்வளவு என்றும் இங்கே எழுதினால், டோனைச் செட்பாயின்டில் கலப்பதா பயஸில் கலப்பதா என்று பார்த்துச் சொல்கிறேன்.